தெருமுனை கிளினிக்கின் குடும்ப வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாத்தா ஆரம்பித்து, அப்பா நடத்தி, இன்று பேரன் நடத்துகிற அல்லது பூட்டிக் கிடக்கிற கிளினிக் தமிழ்நாட்டில் ஊருக்கு நாலு இருக்கும். அதன் கதையை எழுத உட்காரும் குடும்பத்தாருக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். சட்டமும் ஆண்டுக் கணக்கும் மதராஸ் மாகாணத்துக்கும் இன்றைய தமிழ்நாட்டுக்கும் உரியவை.

தாத்தா போர்டில் எல்.எம்.பி. என்று இருக்கிறது. எம்.பி.பி.எஸ். இல்லையே, அப்போ அவர் போலி டாக்டரா?

இல்லை. அது முறையான படிப்புதான். கல்லூரியில் பட்டம் வாங்கியவர்கள் ஒரு வகை. மெடிக்கல் ஸ்கூலில் அதைவிடக் குறுகிய படிப்பை முடித்து லைசென்ஸ் பெற்ற எல்.எம்.பி.க்கள் இன்னொரு வகை. ராயபுரத்திலும் தஞ்சாவூரிலும் அப்படிப்பட்ட பள்ளிகள் இருந்தன. ராயபுரம் பள்ளிதான் 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. நாடு முழுக்க ஒரே தரத்தில் டாக்டர்கள் வேண்டும் என்று 1946இல் சர் ஜோசஃப் போர் (Bhore) தலைமையிலான குழு சொன்னதும் எல்.எம்.பி. படிப்புக்கு முடிவு வந்தது. சிலர் பிறகு சுருக்கப் படிப்பு படித்து எம்.பி.பி.எஸ். வாங்கினார்கள், ஒரே ஆளின் பழைய போர்டிலும் புதிய போர்டிலும் வேறு எழுத்துகள் இருப்பது அதனால்தான்.

எல்.ஐ.எம். என்று இருந்தால் கதை வேறு. அது கீழ்ப்பாக்கத்து இந்திய மருத்துவப் பள்ளியின் படிப்பு. சித்தம், ஆயுர்வேதம், யுனானியோடு மேலை மருத்துவமும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தார்கள். ஸ்டெதஸ்கோப்பும் லேகிய ஜாடியும் ஒரே மேசையில் இருந்தது என்று வீட்டில் சொன்னால் நம்பலாம். அந்த இடம்தான் 1960இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆயிற்று.

ஆர்.எம்.பி. என்பது படிப்பே அல்ல. பதிவு பெற்றவர் என்று மட்டும் பொருள். படிக்காதவர்களும் இந்த மூன்றெழுத்தைப் போட்டுக்கொண்டு நடமாடியதால், வேறு சான்று கிடைக்கும்வரை இதை மட்டும் நம்பி எதையும் எழுதாதீர்கள்.

அவர் உண்மையில் பதிவு பெற்ற டாக்டர்தானா என்று எங்கே போய்ப் பார்ப்பது?

மதராஸ் மருத்துவப் பதிவுச் சட்டம் 1914இல் வந்தது. அதற்குப் பிறகு தொழில் செய்தவர் என்றால் பெயர் மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் இருக்க வேண்டும். வீட்டில் பதிவெண் தெரிந்தால் வேலை எளிது. பழைய மருத்துவச் சான்றிதழ், லெட்டர்ஹெட், ரப்பர் ஸ்டாம்ப் மூன்றையும் முதலில் பாருங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழும், கன்னிமாரா நூலகத்தில் பழைய டைரக்டரிகளும் இருக்கின்றன. அசைலம் பிரஸ் வெளியிட்ட ஆண்டு டைரக்டரியில் மதராஸ் நகரத்துத் தெருக்களும் தொழில்களும் வரும்.

தேடும்போது பலர் தவறுவது பெயரில்தான். இன்று நாம் சொல்லும் பெயரில் அவர் பதிவாகியிருக்க மாட்டார். முதலியார், பிள்ளை, ஐயர் என்ற பட்டப் பெயரின்கீழ் வரிசைப்படுத்தியிருப்பார்கள். இன்ஷியலில் ஊர்ப் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்திருக்கும். சுப்பிரமணியத்தை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம், நாலையும் தேடுங்கள்.

கிளினிக் எந்த வருஷம் ஆரம்பித்தது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது?

படிப்பு முடித்த ஆண்டு, பதிவு செய்த ஆண்டு, இன்றைய இடத்துக்கு வந்த ஆண்டு, மூன்றும் வேறு வேறு. இதில் ஏதோ ஒன்றை ஒவ்வொருவரும் "ஆரம்பம்" என்கிறார்கள். முதலில் பக்கத்துத் தெருவில் ஒரு திண்ணை, பிறகு மருந்துக்கடையின் பின்னறை, அதன் பின்தான் சொந்த இடம் என்பது வழக்கமான வரிசை. மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

தேதி போடாத தாள் கிடைத்தால் அதன் முகவரியைப் பாருங்கள். "மதராஸ்-4" என்று ஓரிரு இலக்கம் மட்டும் இருந்தால் 1972க்கு முன் அடித்த தாளாக இருக்கும். ஆறு இலக்க பின்கோடு அந்த ஆண்டு ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. "மதராஸ் ஸ்டேட்" என்றால் 1969க்கு முந்தையது. ரசீதில் "நயா பைசா" இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. ஆங்கிலத்தில் சென்னை என்று அச்சடித்திருந்தால் 1996க்குப் பிந்தையது. ஆனால் அச்சடித்த தாள் மூட்டையாகக் கிடந்தால் தீரும்வரை அதில்தான் எழுதுவார்கள். அதனால் இந்தக் குறிகள் தாள் அச்சான காலத்தைத்தான் சொல்லும், அதில் எழுதிய காலத்தை அல்ல.

கணக்கு நோட்டில் 1-4-0 என்று எழுதியிருக்கிறது. ஒரு ரூபாய் நாற்பதா?

ஒரு ரூபாய் நாலணா. ரூபாய், அணா, பை என்ற வரிசை அது. 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஒரு அணா. ஆக 1-4-0 என்பது இன்றைய எழுத்தில் 1.25, 0-8-0 என்பது 50 காசு. 1957 ஏப்ரல் 1இல் தசம நாணயம் வந்த பிறகும் பல நோட்டுகளில் கொஞ்ச காலம் இரண்டும் கலந்து கிடக்கும். ஒரு பக்கத்தில் 4, 8, 12 தவிர வேறு எண்ணே நடுவில் வரவில்லை என்றால் அது அணாக் கணக்கு.

வீட்டுக்குப் போய்ப் பார்த்த கணக்கு தனி வரியில் இருக்கும். பக்கத்தில் "வண்டி" என்று இருந்தால் ஜட்கா அல்லது ரிக்‌ஷா சத்தம். அதை டாக்டர் ஃபீஸோடு கூட்டிவிடாதீர்கள்.

மருந்துச் சீட்டில் 3 போல ஏதோ வளைவு வளைவாக இருக்கிறதே, அது என்ன?

3 என்ற எண்ணைப் போல வளைந்த குறி டிராம். அதே குறியின் தலையில் இன்னொரு வளைவு ஏறியிருந்தால் அவுன்ஸ். 60 மினிம் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ், அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 28 மி.லி. பக்கத்தில் மேலே புள்ளி வைத்த கோடுகள் நின்றால் அவை எண்கள்: ஒரு கோடு ஒன்று, இரு கோடு இரண்டு. நடைமுறையில் டிராமை ஒரு டீஸ்பூனாகக் கொள்வார்கள்.

மீதி எல்லாம் லத்தீன் சுருக்கம். பி.டி. என்றால் இருவேளை, டி.டி.எஸ். என்றால் மூவேளை, எச்.எஸ். என்றால் படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால். "மிஸ்ட்" மிக்ஸ்சர், "பல்வ்" பொடி, "அக்வா" தண்ணீர். வரியின் கடைசியில் "அக்வா" வந்து அவுன்ஸ் குறி இருந்தால், அந்த அளவு வரும்வரை தண்ணீர் ஊற்று என்று மருந்து கலக்கும் கம்பவுண்டருக்குச் சொன்னதாக அர்த்தம்.

அந்தக் கலர் தண்ணீரில் மருந்து ஏதாவது இருந்ததா, இல்லை சும்மா மனத் திருப்திக்கா?

இருந்தது. வயிற்றுக் கோளாறுக்கான கார்மினேட்டிவ் மிக்ஸ்சரில் சோடா பைகார்பனேட், ஏலக்காய் டிஞ்சர், இஞ்சி டிஞ்சர், குளோரோஃபார்ம் தண்ணீர் சேரும். சிவப்பு நிறம் ஏலக்காய் டிஞ்சரில் சேர்த்த கோச்சினியல் என்ற பூச்சிச் சாயத்தினுடையது. நாக்கில் இனிப்பாக ஏறி லேசாக எரியும் அந்தச் சுவை குளோரோஃபார்ம் தண்ணீருடையது. மிக்ஸ்சர் கெடாமலும் அது பார்த்துக்கொண்டது. நீர்க்கடுப்புக்குப் பொட்டாசியம் சிட்ரேட், சளிக்கு அம்மோனியம் குளோரைடும் இபிகாக்கும், காய்ச்சலுக்கு சோடியம் சாலிசிலேட், மலேரியாவுக்குக் கசக்கும் குவினைன். நாலைந்து பெரிய ஜாடிகளில் கெட்டியாகக் கலந்து வைத்து, கேட்கக் கேட்கத் தண்ணீர் விட்டுக் கொடுப்பார்கள்.

பாட்டிலை வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுவர வேண்டும். ஒரு வேளைக்கு அரை அவுன்ஸ், நாளுக்கு மூன்று வேளை, இரண்டு நாளுக்கு ஆறு வேளை. ஆக மூன்று அவுன்ஸ். அளவுச்சீட்டு செய்வது இப்படி: மருந்து நிற்கிற உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி, ஆறாக மடித்து, மடிப்பின் ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு. பிரித்தால் ஓரம் முழுக்கப் பல் பல்லாக நிற்கும். மைதாப் பசை தடவி பாட்டிலில் நெட்டுக்குத்தாக ஒட்டினால் ஒரு பல் ஒரு வேளை. தப்பு வருவது குலுக்காமல் குடிக்கும்போதுதான்: அடியில் படியும் மருந்தானால் முதல் வேளை வெறும் தண்ணீர், கடைசி வேளை அளவுக்கு மேல்.

பொட்டலமாகக் கொடுத்த ஏ.பி.சி. பொடியில் ஆஸ்பிரின், ஃபெனாசிடின், காஃபின் இருந்தன. ஃபெனாசிடின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்தபின் அது விலக்கப்பட்டது. அன்றைய டாக்டர்கள் எல்லோரும் கொடுத்ததுதான். மறைக்க வேண்டாம், அதற்காகத் தாத்தாவைக் கூண்டிலும் ஏற்ற வேண்டாம்.

யூரின் என்று எழுதிப் பக்கத்தில் கூட்டல் குறிகள் போட்டிருக்கிறதே?

பெனடிக்ட் சோதனை. சோதனைக்குழாயில் 5 மி.லி. நீலக் கரைசல், அதில் 8 சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் கொதி. நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை ஒரு பிளஸ், மஞ்சள் இரண்டு, ஆரஞ்சு மூன்று, செங்கல் சிவப்பு நாலு. இன்றைய இரத்தச் சர்க்கரை எண்ணாக இதை மாற்றி எழுத முடியாது, பிளஸாகவே விடுங்கள்.

கம்பவுண்டரைப் பற்றியும் எழுத வேண்டுமா? அவர் குடும்பத்தார் இல்லையே.

கட்டாயம் எழுத வேண்டும். எங்கள் பார்வையில் கிளினிக் வரலாறு பாதிக்கு மேல் கம்பவுண்டருடையதுதான். டாக்டர் எழுதியது மூன்று வரி. அதை மருந்தாக்கி, எப்படிச் சாப்பிடுவது என்று பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்லி, புண்ணைக் கட்டி, யாரிடம் காசு கேட்கக் கூடாது என்று தெரிந்து வைத்திருந்தவர் அவர். குடும்பம் வெளியிடும் மலர்களில் டாக்டரின் படம் முழுப் பக்கத்துக்கு வரும். கம்பவுண்டர் பெயர்கூட இருக்காது. டோக்கன் கொடுத்து, பொட்டலம் மடித்து, கணக்கும் எழுதிய டாக்டர் வீட்டம்மாவுக்கும் இதே கதிதான். நோட்டில் எத்தனை கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். யார் யார் வேலை செய்தார்கள் என்று அதுவே சொல்லிவிடும்.

1948 மருந்தாளுநர் சட்டத்துக்குப் பின் மருந்து கலந்து கொடுக்கப் பதிவு தேவைப்பட்டது. டாக்டர் தன் சொந்த நோயாளிக்குக் கொடுப்பதற்கு மட்டும் விலக்கு. மருந்துச் சட்ட விதிகளின் கே அட்டவணையும் அதே பாணிதான்: தன் நோயாளிக்குத் தரலாம், கடை திறந்து விற்கக் கூடாது. கம்பவுண்டர் ஏன் எப்போதும் "டாக்டர் கொடுக்கச் சொன்னார்" என்றே பேசினார் என்பதற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

ஒரே ஊசியை எல்லாருக்கும் போட்டார்கள் என்கிறார்களே, அதை எழுதினால் கெட்ட பெயர் வராதா?

அன்றைய முறையே அதுதான். கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் ஸ்டெரிலைசர் பெட்டியில் கொதிக்க வைத்து, இடுக்கியால் எடுத்துப் போட்டார்கள். முனை மழுங்கினால் எண்ணெய்க் கல்லில் தீட்டுவார்கள். இருபது நிமிடம் கொதித்தால் பெரும்பாலான கிருமிகள் சாகும், ஸ்போர்கள் சாகாது. மாலை நேரக் கூட்டத்தில் இருபது நிமிடம் என்பது தண்ணீரில் முக்கி எடுப்பதாகச் சுருங்கியதுதான் ஆபத்து. மஞ்சள் காமாலைக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக அது போதும்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அதன்பின் "புது ஊசி போடுங்க டாக்டர்" என்று நோயாளிகளே கேட்க ஆரம்பித்தார்கள். உங்கள் கிளினிக்கில் டிஸ்போசபிள் எப்போது வந்தது என்று கொள்முதல் பில்லைப் பார்த்து எழுதினால், அந்த ஒரு வரி பெரிய விஷயம்.

ஒரே ஆள் பெயர் தொண்ணூறு நாள் விடாமல் வருகிறது. அப்படி என்ன வியாதி?

பக்கத்தில் எஸ்.எம். என்று இருந்தால் ஸ்ட்ரெப்டோமைசின். காசநோய்க்கு மாதக் கணக்கில் தினமும் போட்ட ஊசி. ஐ.என்.எச்., பாஸ் என்பவை அதோடு கொடுத்த மாத்திரைகள். காசநோய் என்றால் சானடோரியம் என்றிருந்த காலத்தில் (தாம்பரம் சானடோரியத்தை 1928இல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து), சென்னை சேத்துப்பட்டில் 1956இல் அமைந்த காசநோய் மருந்து ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகிறது என்று 1959இல் காட்டியது. சேத்துப்பட்டில் முடிவான விஷயம் உங்கள் தெரு கிளினிக் நோட்டில் தொண்ணூறு வரியாக நிற்கிறது.

நோயாளிகளை எண்ணும்போது வரிகளை எண்ணாதீர்கள். இப்படி ஒருவரே நூறு வரிக்கு வருவார்.

சில மாதங்களில் மட்டும் கூட்டம் இரண்டு மூன்று மடங்காக இருக்கிறது. காரணம் கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரம் முடியும். 1957 கோடையில் என்றால் ஆசிய ஃப்ளூ. இந்தியாவுக்குள் அது மதராஸ் துறைமுகம் வழியாகத்தான் நுழைந்தது. 1964இல் காய்ச்சலும் மூட்டு வலியும் சேர்ந்து வந்தால் சிக்குன்குனியா. சென்னையையும் வேலூரையும் அப்போது ஆட்டிவைத்து, 2006இல் திரும்பி வந்தது. மழைக்காலத்து வயிற்றுப்போக்கு எல்லா வருடமும் இருக்கும், அதைத் தனிச் சம்பவமாக எழுத வேண்டாம். நோட்டில் நோயின் பெயர் இல்லாமல் மருந்து மட்டும் இருந்தால் முந்தைய பதில்களில் சொன்ன மிக்ஸ்சர்களை வைத்து ஊகிக்கலாம். ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள்.

"கைராசி டாக்டர்" என்று ஊரே சொல்கிறது. வரலாற்றில் அதைச் சேர்க்கலாமா?

ஊர் சொன்னதாகச் சேர்க்கலாம். ஆனால் எதனால் சொன்னார்கள் என்று தோண்டுங்கள். சாதாரண வைரஸ் காய்ச்சல் மூன்று முதல் ஐந்து நாளில் தானே இறங்கும். இரண்டு நாள் மிக்ஸ்சர் முடிவதற்கும் காய்ச்சல் இறங்குவதற்கும் நேரம் பொருந்திவிடும். அதைத் தாண்டி உண்மையான கைராசியும் உண்டு: எந்த நோயாளியை உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிவது. நோட்டில் "ஜி.எச்." என்று எழுதி அனுப்பிய வரிகளைத் தேடுங்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குடல்வால் என்று அனுப்பியவரின் திறமை அங்கேதான் தெரியும்.

பெரியவர்களிடம் பேட்டி எடுக்கும்போது "டாக்டர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமானவர்" என்பதோடு முடிந்துவிடும். "பாட்டில் யார் கொண்டுபோனது? பெஞ்ச் எந்தப் பக்கம்? என்ன வாசனை? கையில் காசு இல்லாத நாளில் என்ன சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால் தனுஷ்கோடி புயலுக்கு (1964) முன்பா பின்பா, எமர்ஜென்சி காலமா, எம்.ஜி.ஆர். இறந்த வருஷமா (1987) என்று கொக்கி போட்டால் வந்துவிடும்.

இவ்வளவு குறைந்த ஃபீஸில் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள்?

எண்ணிக்கையில். மருந்தைச் சேர்த்து ஒரே தொகையாக வாங்கினார்கள். கலந்து கொடுத்த மிக்ஸ்சருக்கு ஆகும் செலவு சொற்பம். இடம் சொந்தம் அல்லது பழைய வாடகை. காலையில் வேறு வேலை, மாலையில் கிளினிக் என்று இருந்தவர்களும், ஆலைத் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. பேனல் டாக்டராக இருந்தவர்களும் உண்டு. பழைய வண்ணாரப்பேட்டை டாக்டர் ஜெயச்சந்திரனும் (2018இல் காலமானார்) வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடமும் (2020இல் காலமானார்) "ஐந்து ரூபாய் டாக்டர்" என்றே கடைசிவரை அறியப்பட்டார்கள். எல்லாக் குடும்ப கிளினிக்கும் அப்படி இல்லை. உங்கள் நோட்டு என்ன சொல்கிறதோ அதை எழுதுங்கள். ஏழைக்கு இலவசம் என்று எழுதுவதானால், ஃபீஸ் கட்டம் காலியாக உள்ள வரிகளை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நோயாளிகள் பெயரைப் போடலாமா? எல்லாரும் இறந்துபோய்விட்டார்களே.

வேண்டாம். நோயாளியின் ரகசியம் காப்பது டாக்டரின் தொழில் கடமை. வாரிசின் கைக்கு நோட்டு வந்ததால் அது கரைந்துவிடாது. காசநோய், தொழுநோய், பால்வினை நோய், மனநோய் என்றால் பேரன் பேத்தியின் கல்யாணம்வரை பாதிக்கும். தெருப் பெயரும் தொழிலும் சேர்ந்தாலே எங்கள் ஊர்களில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்; இரண்டையும் மாற்றி எழுதுவதைவிட நீக்கிவிடுங்கள். பக்கத்தைப் படமாகப் போடுவதானால் பெயர்ப் பத்தியை மறைத்த பிரதியை அச்சடித்து அதைப் படமெடுங்கள். கணினியில் கறுப்புக் கட்டம் மட்டும் வைத்த கோப்பில் அதை நீக்கிவிட்டால் பெயர் தெரிந்துவிடும்.

கருக்கலைப்புப் பதிவேடு கிடைத்தால் எதையும் எடுத்து எழுதவே கூடாது. 1971 சட்டத்தின் விதிப்படி கடைசிப் பதிவிலிருந்து 5 ஆண்டு முடிந்ததும் அழித்திருக்க வேண்டிய நோட்டு அது.

அப்பா பெயர் போர்டை அப்படியே வைத்து, வேறு டாக்டரை உட்கார வைக்கலாமா?

கிளினிக்கின் பெயராக வைக்கலாம். ஆனால் உட்காரும் டாக்டரின் பெயரும் படிப்பும் பதிவெண்ணும் தெரிய வேண்டும். 2002 நெறிமுறை விதிகள் பதிவெண்ணைக் கிளினிக்கிலும் சீட்டிலும் ரசீதிலும் காட்டச் சொல்கின்றன. இடம், மேசை, நற்பெயர் வாரிசுக்கு வரும். பதிவு அந்த ஆளோடு முடிந்தது. டாக்டர் அல்லாத மகன் அலமாரியில் மிஞ்சிய மருந்தைக் கொடுப்பதற்கு, கம்பவுண்டர் பதிலில் சொன்ன விலக்கு பொருந்தாது. 1997இல் வந்த தனியார் மருத்துவ நிறுவனச் சட்டத்தின் பதிவும் தனியாகத் தேவை. அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன.

பழைய அலமாரியில் பாட்டில்கள் நிறைய இருக்கின்றன. திறந்து பார்க்கலாமா?

திறக்காதீர்கள். முக்கியமாக மஞ்சள் படிகமோ மஞ்சள் தூளோ உள்ள பாட்டில். தீப்புண்ணுக்கும் சிறுநீர்ப் புரதச் சோதனைக்கும் பயன்பட்ட பிக்ரிக் அமிலமாக இருக்கலாம். காய்ந்துபோனால் மூடியைத் திருகும் உராய்விலேயே வெடிக்கக்கூடியது. அசைக்காமல், அறையைப் பூட்டி, தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். பழைய ஈதர் பாட்டிலுக்கும் இதேதான்.

பாதரச பி.பி. கருவியில் சுமார் 100 கிராம் பாதரசம் இருக்கும். நிமிர்ந்த நிலையிலேயே வைத்து, பெட்டியோடு பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். சிந்தினால் துடைப்பமோ வாக்குவம் கிளீனரோ கூடாது. ஜன்னலைத் திறந்து, கெட்டி அட்டையால் உருட்டிச் சேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள்.

நோட்டுகளுக்கு லாமினேஷனும் செல்லோடேப்பும் எமன். தூசியை மென்மையான பிரஷால் தட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, பிறகு அட்டைப் பெட்டியில் படுக்க வையுங்கள். எக்ஸ்ரே ஃபிலிமில் வினிகர் வாசனை அடித்தால் அது கெட ஆரம்பித்துவிட்டது. மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

மூன்றாம் தலைமுறை ஏன் வரவில்லை என்பதை எப்படி எழுதுவது? பையன் மனம் நோகும்.

பையன் மேல் போடாமல் காலத்தின் மேல் போடுங்கள், அது பொய்யும் அல்ல. சென்னையில் 1983இல் அப்பல்லோ திறந்ததிலிருந்து ஸ்பெஷலிஸ்ட் காலம். எம்.பி.பி.எஸ். மட்டும் போதும் என்று யாரும் நிற்பதில்லை. டாக்டர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார்கள் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சீட்டு, ரிப்போர்ட், கையெழுத்து என்று தாள் கூடியது. இதயம் படித்தவன் தெருவில் சளிக்கு மருந்து எழுத உட்கார மாட்டான்.

வீட்டை இடிக்கப் போகிறார்கள், ஒரு வாரம்தான் இருக்கிறது. முதலில் எதைச் செய்ய?

எதையும் நகர்த்தும் முன் நாலு மூலையிலிருந்தும் அறையைப் படமெடுங்கள். பெஞ்ச், மேசை, மருந்து கொடுக்கும் ஜன்னல் இவற்றின் அளவை டேப் வைத்து எழுதுங்கள். சுவரில் பென்சிலால் கிறுக்கிய ஃபோன் நம்பர்களையும் விடாதீர்கள். அடுத்து நோட்டுகள், போர்டு, ஸ்டாம்ப், ஸ்டெரிலைசர். பாட்டில்களை மேலே சொன்னபடி விட்டுவிடுங்கள். கடைசியாக மேசை டிராயரை வெளியே இழுத்து, அடியில் விரித்த செய்தித்தாளை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.